கல்லிடைக்குறிச்சிக்குப் புறப்படும் முன்

பயணம் செய்வோரில் இரு வகையினர் உண்டு. வண்டி வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நடைமேடைக்கு வந்து அமர்ந்து, போகிற வருகிற வண்டிகளையெல்லாம் எண்ணிக்கொண்டிருப்போர் ஒரு வகை. கார்டு பச்சை விளக்கு காட்டும் நேரத்தில் ஓடிவந்து ஏறுவோர் மற்றொரு வகை. என் தந்தையார் முதல் வகையினர். நான் இரண்டாம் வகை. சேலையூரில் ஒரே வீட்டில் வாழ்ந்தும் இந்த ஒன்றில் மட்டும் எங்களுக்குள் உடன்பாடு ஏற்பட்டதில்லை. அவர் நலமாக இருந்த காலத்தில் இது வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சு. அவருக்கு இதயம் பலவீனமுற்று, இன்சுலினும் தொடங்கிய பிறகு எங்களில் யாரும் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை.

தந்தையாரின் அக்கா, எனக்கு அத்தை, கல்லிடைக்குறிச்சியில் வாழ்கிறார். எண்பது வயதைக் கடந்தவர். முழங்கால் வலியால் வாசற்படி இறங்குவதே அவருக்கு அரிது. தம்பி மருத்துவமனையில் படுத்திருந்தபோது அவரால் வந்து பார்க்க இயலவில்லை. அதன்பின் நாள்தோறும் தொலைபேசியில் பேசுவார்கள். எதைப் பற்றிப் பேசினாலும், "உன் முகத்தைப் பாக்கணும் தம்பி" என்பதிலேயே பேச்சு முடியும். வெயில் தணியட்டும், மழை ஓயட்டும் என்று நான் ஒன்றரை ஆண்டைத் தள்ளிவிட்டேன். மருத்துவர் தடை ஏதும் சொல்லவில்லை. நாங்கள் அவரிடம் கேட்கவே இல்லை.

கடைசியில் தந்தையாரே கேட்டார். வழக்கமான மறுபரிசோதனைக்குச் சென்ற நாளில், "டாக்டர், அக்காவைப் பார்த்துவிட்டு வரலாமா?" என்றார். மருத்துவர் உடனே விடை கூறாமல் சில கேள்விகள் கேட்டார். இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? கால் வீங்குகிறதா? கடந்த சில வாரங்களில் எடை கூடியதா? இதயம் பலவீனமானோரின் உடலில் நீர் சேர்கிறதா என்பதை இந்த எளிய கேள்விகளே காட்டிவிடும் என்று விளக்கவும் செய்தார். பிறகு, "தாராளமாகப் போய்வாருங்கள் ஐயா. இரண்டு வாரம் முன்னால் ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போங்கள்" என்றார். ஒன்றரை ஆண்டாக நான் அஞ்சிக்கொண்டிருந்த உரையாடல் ஐந்து நிமிடங்களில் முடிந்தது. எல்லோருக்கும் இதே விடை கிடைக்கும் என்பதில்லை. அண்மையில் மாரடைப்போ அறுவைச் சிகிச்சையோ கண்டவர்களுக்கும், மூச்சுத்திணறல் கூடிவருபவர்களுக்கும் அவர் வேறு நாள் குறிக்கக்கூடும். கேட்டால்தானே தெரியும்!

இனி, பேருந்தா இரயிலா? தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. எங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லை. ஆயினும் தந்தையார் இரயிலைத் தேர்ந்தார். காரணம் நீர் மாத்திரை. அதை உண்டவர் அடிக்கடி கழிவறை செல்ல வேண்டும். பேருந்து நாம் வேண்டும்போதெல்லாம் நிற்காது. நம்மவர் பலர் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள்: பயணநாளில் நீர் மாத்திரையை விட்டுவிடுவது, தண்ணீரும் குடிக்காதிருப்பது. தந்தையாரும் அதைத்தான் எண்ணியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் ஒரே இரவில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். எந்நேரம் உண்பது என்பதை மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அவ்வாறே காலை வேளைக்கு மாற்றிக்கொண்டோம்.

முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாள்களாக இருந்தது. 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு. ஆனால் அவர்கள் தனியாகவோ, தகுதியுள்ள இருவராகவோ ஒரே சீட்டில் பயணம் செய்தால்தான் அது பொருந்தும். மகனோ மகளோ அதே சீட்டில் சேர்ந்தால் பொருந்தாது. எனவே தந்தையாருக்குத் தனிச்சீட்டு எடுத்தேன். கீழ்ப்படுக்கை கிடைத்தது. எனக்கும் அண்ணனுக்கும் கிடைத்த இடம் ஐந்து பெட்டிகள் தள்ளி இருந்தது. மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. சில நோயாளிகளுக்கான சலுகை இன்றும் உண்டு. அது சிகிச்சைக்காகச் செல்லும் பயணத்துக்கு மட்டுமே. உறவினரைக் காணச் செல்வதற்குக் கிடைக்காது.

புறப்படும் நாளில் தந்தையார் தம் வழக்கப்படி அண்ணனுடன் முன்னதாகவே தாம்பரம் சென்றுவிட்டார். நானும் என் வழக்கப்படியே சென்றேன். எழும்பூரிலிருந்து வரும் நெல்லை விரைவு வண்டி தாம்பரத்தில் நிற்பது சில நிமிடங்களே. தந்தையாரை அண்ணன் ஏற்றிவிட்டார். நான் ஓடிவந்து எங்கள் பெட்டியில் ஏறினேன். வண்டி பெருங்களத்தூரைத் தாண்டும்போதுதான் உணர்ந்தேன், இன்சுலினும் இரவு மாத்திரைகளும் என் தோள்பையில் இருந்தன.

மூட்டைகளையும் கால்களையும் கடந்து ஐந்து பெட்டிகள் நடந்து சென்றேன். தந்தையார் சன்னல் ஓரம் அமர்ந்திருந்தார். இட்லி டப்பா மடியில் மூடியபடியே இருந்தது. இன்சுலின் போடாமல் உண்ணக்கூடாது என்று காத்திருந்திருக்கிறார். கோபிக்கவில்லை. "வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். அது என்னைச் சுட்டது. மாறாக, அவர் இன்சுலினைப் போட்டுக்கொண்டு உணவு என்னிடம் சிக்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் என்று சர்க்கரை தாழ்ந்திருக்கும். அப்போது மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. வண்டியில் மருத்துவ உதவி தேவையானால் 139 என்ற எண்ணை அழைக்கலாம். என் கதையைக் கேட்ட எதிர் இருக்கை இளைஞர் ஒருவர், தாமாகவே என்னுடன் இடம் மாற்றிக்கொண்டார். இரவில் தந்தையாரை இருமுறை எழுப்பிப் பெட்டிக்குள்ளேயே சிறிது நடக்க வைத்தேன். நெடுநேரம் கால் தொங்க அமர்ந்திருப்பது அவருக்கு ஆகாது.

இன்சுலினைப் பற்றி ஒரு சொல். பயன்பாட்டில் உள்ள பேனா 30 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். இருப்பில் உள்ளதைக் குளிர்ப்பையில் வைக்கலாம். பனிக்கட்டியின்மேல் நேராகப் படக்கூடாது. உறைந்துபோன இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

உண்மையில் எனக்குக் கவலையளித்தது அத்தையின் அடுக்களை. கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்குப் பெயர்பெற்ற ஊர். உளுந்து மாவோடு உப்பும் அப்பளக்காரமும் சேர்வது அப்பளம். இரண்டிலும் சோடியம் உண்டு. இதயம் பலவீனமானவருக்கு அது நீரைச் சேர்த்துவைக்கும். வடகம், ஊறுகாய் வேறு. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன் மதினியிடம் இதையெல்லாம் பட்டியலிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். தந்தையார் கேட்டுவிட்டார். "என் அக்கா வீட்டுக்கு நான் பத்தியம் பேசிக்கிட்டா போகணும்?" என்றார். அன்று முழுதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை அவரே தொலைபேசியை எடுத்தார். "அக்கா, எனக்கு உப்பு குறைச்சுப் போடு. அப்பளம் பொரிக்காதே." மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. பிறகு அத்தை சொன்னார்: "சரி. சொதி வைக்கேன். உப்பை இலை ஓரத்தில வச்சிருதேன், வேணும்னா நீயே தொட்டுக்கோ." நான் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் அந்த விடை கிடைத்திருக்காது.

தந்தையாரின் நோய், மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை, கடைசி எக்கோ அறிக்கை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, மருத்துவரிடம் காட்டிக் கையொப்பம் பெற்றிருந்தோம். ஒரு படி அவர் சட்டைப்பையில், ஒன்று என்னிடம், ஒன்று மதினி வீட்டுச் சாமிப்படத்தின் பின்னால். அருகிலுள்ள அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையையும், பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் குறித்துவைத்தோம். அங்கும் காலைதோறும் எடை பார்த்தார். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அழையுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கூடவில்லை.

நான்கு நாள்கள் அக்காவும் தம்பியும் திண்ணையில் அமர்ந்து என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் அருகே சென்றபோதெல்லாம் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

திரும்பும் நாளில் திருநெல்வேலி சந்திப்புக்கு வண்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விட்டோம், நானும்தான். மருந்துப்பை தந்தையாரின் மடியில் இருந்தது. அத்தை எங்கள் பையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு கட்டு அப்பளத்தைச் செருகியிருந்தார். அதன்மேல் பென்சிலில் எழுதியிருந்தது: "தம்பிக்கு இல்லை. பிள்ளைகளுக்கு."