திகதி ஒன்று, நாள் இரண்டு

ஏப்பிரல் 23ஆந் திகதியை உலகப் புத்தக தினமாக யுனெஸ்கோ நிறுவனம் 1995ஆம் ஆண்டிலே பிரகடனஞ் செய்தது. அன்று நடைபெறும் பாடசாலைக் கூட்டங்களிற் பேசுவோருள் ஒருவரேனும், 1616ஆம் ஆண்டு இதே நாளில் ஆங்கில நாடகாசிரியர் சேக்ஸ்பியரும், 'டொன் குவிக்சோட்' எழுதிய ஸ்பானியப் பேராசிரியர் செர்வாந்தெசும் ஒருங்கே உயிர் நீத்தனர் என்று கூறாது விடுவதில்லை. மாணவர் கைதட்டுவர். கேட்பதற்கு இனிய செய்திதான். ஆயினும் அது நிகழ்ந்ததன்று.

சேக்ஸ்பியர் 23ஆந் திகதி மறைந்தமை, ஸ்ராற்போட் தேவாலயத்திலுள்ள அவர் நினைவுச் சின்னத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. செர்வாந்தெசுக்கும் மட்றிட் நகரத் தேவாலயப் பதிவேட்டில் அத்திகதியே காணப்படுகின்றது. ஆனால் அக்காலப் பதிவேடுகளிலே அடக்கஞ் செய்த நாளைக் குறிக்கும் வழக்கிருந்தமையின், அவர் உயிர் பிரிந்தது 22ஆந் திகதி என்பதே இக்கால ஆராய்ச்சியாளர் துணிபு. ஒருநாள் வேற்றுமைதானே, பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவியலாத வேற்றுமை வேறிடத்தில் உள்ளது. அந்த 23ஆந் திகதி ஸ்ராற்போட்டிலே செவ்வாய்க்கிழமை; மட்றிட்டிலோ சனிக்கிழமை. ஒரு நாளுக்கு இரு கிழமை வருதல் எங்ஙனம்?

ஐரோப்பியர் நெடுங்காலம் கைக்கொண்ட யூலியன் நாட்காட்டி, ஆண்டொன்றுக்கு 365¼ நாள் என வகுத்தது. மெய்யான பருவ ஆண்டினும் அஃது ஏறக்குறைய 11 நிமிடம் மிகுதி. அச்சிறு மிகுதி நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் பத்து நாளாக வளர்ந்துவிட்டது. 1582இல் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரி அதனைத் திருத்த முற்பட்டு, ஒக்டோபர் 4ஆந் திகதி வியாழனுக்கு மறுநாளை 15ஆந் திகதி வெள்ளியாக்கினார். ஸ்பெயின் உடனே ஏற்றது. புரட்டஸ்தாந்து இங்கிலாந்தோ, பாப்பரசர் திருத்திய கணக்கை ஏற்க மனங்கொள்ளாது, 1752 வரை பழையதையே பேணிற்று. வானத்துச் சூரியன் எச்சமயத்தைச் சார்ந்தவனோ! ஆகவே சேக்ஸ்பியர் மறைந்த நாள் ஸ்பானியர் கணக்கின்படி மே 3. செர்வாந்தெஸ் கண்மூடிய பின்னரும் அவர் பதினொரு நாள் உயிர் வாழ்ந்திருந்தார்.

வாக்கியம், திருக்கணிதம் என இரு பஞ்சாங்கங்களை வைத்துக்கொண்டு, வருடப்பிறப்பு எத்தனை மணிக்கு என ஆண்டுதோறும் வாதிடும் யாழ்ப்பாணத்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மயங்குவோர் மாணவரே. ஆறுமுக நாவலர் 1879 டிசம்பர் 5ஆந் திகதி சிவபதமடைந்தார் என்று நூல்கள் கூறும். குருபூசையோ கார்த்திகை மகத்திலே நடைபெறும். சில ஆண்டுகளில் அது நவம்பரிலேயே வந்துவிடும். "எது சரி, ஐயா?" என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் வினவினான். இரண்டும் சரியே என்றேன். ஒன்று ஆங்கில மாதத்து நாளை எண்ணியது. மற்றையது சந்திரன் நின்ற நட்சத்திரத்தை நோக்கியது. கணக்கு இன்னதென்று கூறாமல் திகதியை மாத்திரம் கூறுவது, அலகு கூறாமல் அளவு கூறுவதை ஒக்கும். கலிலியோ மறைந்த 1642ஆம் ஆண்டிலேயே நியூற்றன் பிறந்தார் என்னும் கூற்றும் இவ்வாறே. நியூற்றன் பிறந்தது ஆங்கிலேயரின் பழைய கணக்கில் 1642 டிசம்பர் 25. கலிலியோவின் இத்தாலியில் அன்று 1643 சனவரி 4 ஆகிவிட்டது.

இதனால் ஒரே நாளில் மறைந்த பெரியோர் எவருமிலர் என்பதன்று. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறி ஐம்பதாண்டு நிரம்பிய 1826 யூலை 4ஆந் திகதி, அதனை வரைந்த தோமஸ் ஜெபர்சன் வேர்ஜீனியாவில் நண்பகலளவில் மறைந்தார். அதன்பொருட்டு வாதாடிய ஜோன் அடம்ஸ் மசச்சூசெற்சில் அன்று மாலை மறைந்தார். இருவரும் ஜனாதிபதிப் பதவி வகித்தோர். நண்பராயிருந்து பகைத்து, முதுமையிலே கடிதங்களால் மீண்டும் நண்பரானோர். இங்கே நாடும் ஒன்று, நாட்காட்டியும் ஒன்று.

சேக்ஸ்பியரையும் செர்வாந்தெசையும் இணைக்க விரும்புவோர் சாவிலே ஏன் இணைக்கவேண்டும்? 'டொன் குவிக்சோட்' முதற்பாகம் தோமஸ் செல்ற்றனின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 1612இல் வெளிவந்தது. கார்தெனியோ என்னும் காதலனின் வரலாறு அதில் ஒரு கிளைக்கதை. மறு ஆண்டிலே, சேக்ஸ்பியர் சார்ந்திருந்த மன்னரின் நாடகக் குழுவினர் அவ்வடிவினதாகிய பெயருடைய நாடகமொன்றை அரசவையில் நடித்துப் பணம் பெற்றமைக்குப் பதிவு உண்டு. 1653இல் பதிப்பாளரொருவர் 'கார்தெனியோ' நாடகத்தைப் பதிவு செய்தபொழுது, பிளெச்சரும் சேக்ஸ்பியரும் இயற்றியது எனக் குறித்தார். அக்குறிப்பு மெய்யாயின், ஸ்பானியர் கதையை ஆங்கிலேயர் வாழ்நாளிலேயே கற்றுச் சுவைத்திருக்கிறார். புத்தக தினத்துக்கு இதனினும் ஏற்ற செய்தி வேறென்ன? அந்நாடகம் ஏடாகவோ அச்சாகவோ இதுகாறும் கிடைத்திலது.