எச்சரிக்கைக் கடிதம் எந்த மேஜையில் தூங்கியது?

சிவாஜிநகரில் பவுரிங் ஆஸ்பத்திரி இருக்கிற லேடி கர்சன் ரோட்டில் எப்போதும் ஜன நெரிசல்தான். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு வருகிறவர்கள், பஸ் நிலையத்துக்கு ஓடுகிறவர்கள், ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கிய பையைச் சுமந்துகொண்டு ஆட்டோ தேடுகிறவர்கள் என்று ஆள் நடமாட்டம் ஓயாது. ஆனால் 2019-ம் ஆண்டு ஜூன் மாதம் 10-ந்தேதி அந்தத் தெருவில் கூடிய கூட்டம் வேறு.

ரம்ஜான் பண்டிகை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பர்தா அணிந்த தாய்மார்கள், பென்ஷன் வாங்கும் பெரியவர்கள், ஆட்டோ டிரைவர்கள், சிறு கடைக்காரர்கள் எல்லாரும் பூட்டிக் கிடந்த ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது ஐ.எம்.ஏ. என்ற முதலீட்டு நிறுவனத்தின் கதவு. அதன் அதிபர் முகமது மன்சூர் கான் பேசியதாக ஓர் ஒலிப்பதிவு செல்போனுக்குச் செல்போன் பரவியது. தற்கொலை செய்துகொள்ளப் போவதாக அதில் சொல்லியிருந்தது. அதற்குள் அவர் துபாய்க்குப் பறந்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

புகார் கொடுக்க வந்தவர்களைப் போலீஸ் நிலையம் தாங்கவில்லை. ஒரு மண்டபத்தில் மேஜைகள் போட்டுப் புகார் வாங்கினார்கள். 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. பறிபோன தொகை ரூ.4 ஆயிரம் கோடி அளவுக்கு இருக்கும் என்று விசாரணையாளர்கள் கணக்கிட்டார்கள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணம், நகையை விற்ற பணம் எல்லாம் அதில் அடக்கம்.

"பங்காளி" என்றொரு காகிதம்

2006-ல் தொடங்கிய அந்த நிறுவனம், வட்டி வாங்கக் கூடாது என்ற மார்க்க நெறியைக் காட்டியே மக்களிடம் பணம் சேர்த்தது. "இது வட்டி அல்ல, வியாபார லாபத்தில் பங்கு" என்றது. நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டரை ரூபாய், மூன்று ரூபாய் என்று தந்தது. சிவாஜிநகரில் இருக்கும் ஓர் அரசுப் பள்ளியையே தத்தெடுத்துப் புதுப்பித்தும் கொடுத்தது. சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கே செய்கிறவர்கள் நம்மையா ஏமாற்றுவார்கள் என்று ஜனங்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

சூட்சுமம் காகிதத்தில் இருந்தது. பணம் போட்டவர்களுக்கு டெபாசிட் ரசீது கிடையாது. அவர்களைப் "பங்காளிகள்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். டெபாசிட்தாரர்களைக் காப்பாற்றக் கர்நாடகத்தில் 2004-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பங்காளி என்று எழுதிவிட்டால் அந்தச் சட்டத்தின் கைக்கு எட்டாது என்பதுதான் கணக்கு.

வந்தது எச்சரிக்கை

இதெல்லாம் ஒரே இரவில் நடந்த மோசடி என்றால் தலைவிதி என்று விட்டுவிடலாம். அப்படி அல்ல. கதவு பூட்டப்படுவதற்கு வெகு முன்பே ரிசர்வ் வங்கி இந்த நிறுவனத்தைப் பற்றி மாநில அதிகாரிகளுக்கு எழுதியிருந்தது. போலீசின் சி.ஐ.டி. பிரிவு விசாரித்தது, குற்றம் எதுவும் இல்லை என்று விசாரணையை மூடியது. 2018 நவம்பரில் வருவாய்த் துறை ஒரு பொது அறிவிப்பும் வெளியிட்டது. அதன் பிறகு அந்தத் துறையிலிருந்து போன அறிக்கை, 2004-ம் ஆண்டுச் சட்டம் இந்த நிறுவனத்துக்குப் பொருந்தாது என்றது. "பங்காளி" காகிதம் வேலை செய்துவிட்டது!

அதிபர் 2019 ஜூலை 19-ந்தேதி டெல்லியில் கைதானார். வருவாய்த் துறை அதிகாரிகள் சிலரும் அதே மாதத்தில் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போயிற்று, போலீஸ் அதிகாரிகள் மீதும் அது வழக்குப் பதிந்தது. யார் குற்றவாளி என்பதைச் சொல்லவேண்டியது கோர்ட்டு. ஆனால் பணம் போட்டவர் மனத்தில் இருக்கும் கேள்வி குற்றவாளியைப் பற்றியது மட்டும் அல்ல. கடிதம் வந்ததே, அது யார் மேஜையில் எத்தனை நாள் கிடந்தது? கிடந்ததற்கு யார் பதில் சொல்வது?

அதே ஆண்டு, அந்தத் தீவில்

இதே கேள்வியை, இதைவிடப் பெரிய துக்கத்தோடு, கடலுக்கு அப்பால் ஒரு சின்னத் தீவில் கேட்டார்கள். சிவாஜிநகரில் கதவு பூட்டப்படுவதற்கு ஏழு வாரம் முன்பு, 2019 ஏப்ரல் 21-ந்தேதி, இலங்கையில் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் மூன்று மாதா கோயில்கள், கொழும்பில் மூன்று பெரிய ஓட்டல்கள் குண்டு வெடித்துச் சிதறின. 260 பேருக்கு மேல் மாண்டார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்புக்கு வந்திருந்த தமிழ்ப் பிள்ளைகள் அதில் உண்டு. தேர்தல் வேலை முடிந்து சுற்றுலா போயிருந்த பெங்களூரு பக்கத்து ஜனதா தளம் (எஸ்) கட்சிக்காரர்கள் சிலரும் ஓட்டலில் இறந்தார்கள். அந்தத் துயரம் இந்த ஊரையும் தொட்டது.

உயிரும் பணமும் ஒன்றல்ல. ஆனால் கோப்பின் கதை ஒன்றுதான். அங்கேயும் எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. ஏப்ரல் 4-ந்தேதியே வெளிநாட்டு உளவுத் துறையிடமிருந்து தகவல் வந்தது. அது ஓர் அதிகாரியிடமிருந்து இன்னோர் அதிகாரிக்குக் கடிதமாகப் போயிற்று. அவர் அடுத்தவருக்கு அனுப்பினார். அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். பூசைக்கு வந்த ஜனங்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

சொந்தப் பணத்திலிருந்து...

பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர், பாதிரியார்கள் எனப் பலர் அந்த நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டில் 12 மனுக்கள் போட்டார்கள். "எங்கள் அடிப்படை உரிமையை அரசாங்கம் காக்கவில்லை" என்பதே வழக்கு. ஏழு நீதிபதிகள் சேர்ந்து விசாரித்தார்கள். 2023 ஜனவரி 12-ந்தேதி தீர்ப்பு வந்தது.

குண்டு வெடித்தபோது ஜனாதிபதியாகவும் பாதுகாப்பு மந்திரியாகவும் இருந்த மைத்திரிபால சிறிசேனா ரூ.10 கோடி நஷ்ட ஈடு கட்டவேண்டும். போலீஸ் தலைவராக இருந்தவர் ரூ.7½ கோடி, உளவுத் துறைத் தலைவர் ரூ.7½ கோடி, பாதுகாப்புச் செயலாளர் ரூ.5 கோடி, தேசிய உளவுத் தலைவர் ரூ.1 கோடி. எல்லாம் இலங்கை ரூபாய். சர்க்கார் கஜானாவிலிருந்து அல்ல. அவரவர் சொந்தப் பணத்திலிருந்து!

ஒரு நாட்டின் தலைவராக இருந்தவர், தம்மிடம் அவ்வளவு பணம் இல்லை என்று சொல்லித் தவணை கேட்கவேண்டி வந்தது. தவணை தவணையாகக் கட்டி 2024-ல் முடித்தார். இறந்த பிள்ளை திரும்பி வராது. ஆனால் "கடிதத்தை அனுப்பிவிட்டேன், என் வேலை முடிந்தது" என்று இனி ஒரு மேஜைக்காரர் நினைப்பதற்கு முன் ஒரு தரம் யோசிப்பார்.

பதில் கிடைக்காத தாய்மார்கள்

இதைக் கொண்டு அந்தத் தீவில் எல்லாக் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். உள்நாட்டுப் போரில் காணாமல் போன பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, 2017 பிப்ரவரி 20-ந்தேதி கிளிநொச்சியில் தமிழ்த் தாய்மார்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனோருக்கென்று சட்டம் 2016-ல் வந்தது. அலுவலகம் 2018-ல் வந்தது. மகன் வரவில்லை, மகன் என்ன ஆனான் என்ற பதிலும் வரவில்லை. கேட்டுக் கேட்டே கண்ணை மூடிய தாய்மார்கள் உண்டு.

ஈஸ்டர் வழக்கில் தேதி போட்ட கடிதங்கள் இருந்தன. அவை கோர்ட்டில் சாட்சி சொல்லின. அந்தத் தாய்மார்களுக்கு அப்படிப்பட்ட காகிதம் கிடைக்கவில்லை. எழுத்தில் இல்லாத கேள்வியைச் சர்க்கார் மறப்பது எளிது. எழுத்தில் உள்ள கேள்வியை மறைக்கவேண்டும். மறப்பதைவிட மறைப்பது கஷ்டம்.

நம் நாட்டில் வழி உண்டா?

உண்டு. அதிகாரியின் தவறுக்கு ஜனங்களின் வரிப்பணம் ஏன் போகவேண்டும் என்று நம் சுப்ரீம் கோர்ட்டு 1993-லேயே கேட்டுவிட்டது. லக்னோ வளர்ச்சி ஆணையம் சம்பந்தப்பட்ட வழக்கு அது. பணம் கட்டியவருக்கு வீட்டை ஒழுங்காகக் கொடுக்காமல் அலைக்கழித்ததற்கு நஷ்ட ஈடு கொடுக்கவேண்டும், அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமிருந்து வசூல் செய்யவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

கர்நாடகத்தில் 2012 ஏப்ரல் 2-ந்தேதி நடைமுறைக்கு வந்த "சகாலா" சட்டமும் அந்த வழியில் வந்ததுதான். சாதிச் சான்று, பிறப்புச் சான்று போன்றவற்றைக் குறித்த நாளில் கொடுக்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.20 வீதம், ரூ.500 வரை மனுதாரர் கேட்டு வாங்கலாம். தொகை சிறிது. ஆனால் அது தாமதம் செய்தவரின் சம்பளத்தைத் தொடுகிறது.

பத்து ரூபாய்க் கேள்வி

எல்லாவற்றிலும் பெரியது 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம். ஐ.எம்.ஏ.யில் பணம் போட்டவர் மட்டும் அல்ல. ரேஷன் கார்டுக்கு அலைகிறவர், பென்ஷன் நின்றுபோனவர், சாக்கடைத் தண்ணீர் குழாயில் கலக்கிறது என்று மனுக் கொடுத்துச் சலித்தவர், யாரும் கேட்கலாம்.

கட்டணம் ரூ.10. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்கக் கூடாது. 30 நாளில் பதில் தரவேண்டும். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரு விஷயம்தான் கேட்கவேண்டும். அதுவும் 150 வார்த்தைக்குள் இருக்கவேண்டும். கன்னடத்திலோ இங்கிலீஷிலோ இந்தியிலோ இருக்கவேண்டும். எழுத வராதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது தகவல் அதிகாரியின் கடமை என்று சட்டமே சொல்கிறது. தமிழ் மட்டும் எழுதத் தெரிந்தவர்கள் இதை ஞாபகத்தில் வைக்கவேண்டும்.

"ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. இப்படிக் கேட்கவேண்டும்: "என் மனு எந்தத் தேதியில் வந்தது? அன்று முதல் இன்று வரை எந்தெந்தப் பதவியில் உள்ள அதிகாரியிடம் எத்தனை நாள் இருந்தது? ஒவ்வொருவரும் அதில் என்ன எழுதினார்கள்? நகல் தேவை."

பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் மேலதிகாரியிடம் முறையீடு. அங்கும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் கமிஷனுக்கு. தவறு செய்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு ரூ.250 வீதம், ரூ.25 ஆயிரம் வரை அபராதம் போடக் கமிஷனுக்கு அதிகாரம் உண்டு. அது அவரே கட்டவேண்டிய பணம்.

சட்டம் சர்வரோக நிவாரணி அல்ல. விசாரணை கெட்டுவிடும் என்று சில பதில்களை மறுக்கலாம். கமிஷனில் வழக்குகள் மலைபோலத் தேங்குகின்றன. அலைந்து சலித்துப் போகிறவர்கள் நிறையப் பேர். ஆனாலும் முத்திரை விழுந்த ஒரு காகிதம் கையில் இருப்பவரும் வெறுங்கையோடு நிற்பவரும் ஒன்றல்ல என்பதைத் தீவின் கதை காட்டிவிட்டது.

இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு...

சிவாஜிநகரில் வாழும் தமிழர்களில் மனுவோடு வரிசையில் நிற்கிறவர்களும் உண்டு. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மனுவுக்கு நம்பர் போடுகிறவர்களும் உண்டு. கடிதத்தில் "வரவு" முத்திரை குத்தும் கை பெரும்பாலும் ஒரு சின்னக் குமாஸ்தாவின் கைதான். ஆபத்தைச் சொல்லும் கடிதம் ஒன்று நாளைக்கு அவர் மேஜைக்கும் வரலாம். மேலே அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள். பதில் வராவிட்டால் நினைவூட்டி இன்னொரு குறிப்பு எழுதுங்கள். நாளைக்குக் கேள்வி வரும்போது உங்களைக் காப்பதும் அந்தக் குறிப்புத்தான். பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு கூட்டம் நிற்காமல் தடுக்கக்கூடியதும் அதுதான்.