இணைய இணைப்பு அறுந்தால்: பதறாமல் பழுதைக் கண்டறிவோம்

மின்கட்டணம் செலுத்த இன்றே கடைசி நாள். வீட்டுக் கணினியில் இணைய வங்கிச் சேவைக்குள் நுழைந்து தொகையையும் உள்ளிட்டாயிற்று. அடுத்த நொடியில் ‘இணைய இணைப்பு இல்லை’ என்ற அறிவிப்பு திரையில் தோன்றுகிறது. இணைப்பு அறுவதால் மட்டும் பணம் பறிபோவதில்லை. அதன் பின் பதற்றத்தில் நாம் செய்யும் செயல்களே பெரும்பாலும் இழப்புக்கு வழிவகுக்கின்றன. ஆகவே, பழுது எங்குள்ளது என்பதை வரிசையாகக் கண்டறியும் முறையை இங்கே காண்போம்.

பழுது கணினியிலா, வெளியிலா?

கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் இணைத்துப் பாருங்கள். டேட்டாவை அணைக்காமல் சோதித்தால் விடை தவறாகிவிடும். கைப்பேசியில் இணையம் வந்தால் பழுது கணினியில் உள்ளது. அதிலும் வராவிட்டால் ரூட்டரிலோ, வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ தடை இருக்கிறது.

கணினியில் கவனிக்க வேண்டியவை

வைஃபை அணைந்துள்ளதா, ஏரோப்ளேன் மோடு தவறுதலாக இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். மடிக்கணினிகளில் விசைப்பலகையின் ஒரு விசையே இதற்குக் காரணமாகிவிடுவதுண்டு. அண்மையில் வைஃபை கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், கணினியில் சேமித்துள்ள பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள். கேபிள் வழியாக இணைத்திருப்பின் அதன் இரு முனைகளையும் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள்.

இணைப்பின் விவரப் பக்கத்தில் கணினியின் ஐ.பி. முகவரியைக் காணலாம். அது 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காததால் கணினி தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரூட்டரையும் கணினியையும் அணைத்து மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் இது சீராகிவிடும்.

ரூட்டர் விளக்குகள் சொல்லும் செய்தி

ரூட்டரின் மின்இணைப்பைத் துண்டித்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் கொடுங்கள். அது முழுமையாக இயங்க இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். பின்புறமுள்ள சிறு துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். அது நிறுவனம் செய்து தந்த அமைப்புகளையும் அழித்துவிடக்கூடும்.

ஃபைபர் இணைப்பில் ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு சிவப்பாக எரிந்தால், இழை வழியே ஒளிச்சமிக்ஞை வந்து சேரவில்லை என்று பொருள். மெல்லிய ஃபைபர் கேபிள் கூர்மையாக மடங்கியோ இழுபட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கழற்றி அதன் முனையை உற்று நோக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி விழிக்குத் தீங்கு செய்யலாம். நிறுவனத்துக்குத் தெரிவிப்பதே வழி. அதற்கு முன், மாதச் சந்தா காலாவதியாகவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வங்கித் தளம் மட்டும் திறக்கவில்லையா?

கணினியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பாதுகாப்பான தளங்கள் தம் அடையாளத்தை நிறுவும் மின்சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி பிழையாக இருந்தால் செல்லுபடியாகும் சான்றிதழும் செல்லாததாகத் தோன்றும். பழைய மேசைக் கணினியில் இப்பிழை அடிக்கடி நேர்ந்தால், உள்ளிருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கலாம். தேதியைத் திருத்திய பின்னும் எச்சரிக்கை நீடித்தால், அதைப் புறக்கணித்து உள்ளே செல்லாதீர்கள்.

பணம் செலுத்தும்போது அறுந்தால்

உடனே இரண்டாம் முறை செலுத்த வேண்டாம். குறுஞ்செய்தி, மொபைல் டேட்டா வழியாகப் பார்க்கும் கணக்கு விவரம் ஆகியவற்றால் பணம் கழிந்ததா என்று முதலில் அறியுங்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகளின்படி, யு.பி.ஐ. அல்லது ஐ.எம்.பி.எஸ். வழியாக ஒருவருக்கு அனுப்பிய பணம் கணக்கில் கழிந்தும் பெறுநருக்குச் சேராவிட்டால், பரிவர்த்தனைக்கு அடுத்த நாளுக்குள் அது திரும்ப வர வேண்டும். யு.பி.ஐ. வழியாக வணிகருக்குச் செலுத்திய தொகைக்கு 5 நாள்கள் அவகாசம். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு உண்டு.

உதவி கேட்கும் இடம்

இணைய நிறுவனத்தின் எண்ணைத் தேடுபொறியில் தேடி, முதலில் வருவதை அழைப்பது ஆபத்தானது. வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் மோசடியாளர்கள் தங்கள் எண்களைப் பரப்பி வைக்கின்றனர். ‘பழுதைச் சரிசெய்கிறோம்’ என்று கூறி, திரையைத் தொலைவிலிருந்து காணும் செயலியை நிறுவச் செய்வார்கள். அதன்பின் நீங்கள் காணும் ஓ.டி.பி.யை அவர்களும் காண்பார்கள். இணைப்புப் பழுதைச் சீராக்க ஓ.டி.பி.யோ, பின் எண்ணோ, அட்டை விவரமோ ஒருபோதும் தேவையில்லை. ஏமாற்றப்பட்டதாக ஐயம் எழுந்தால், அக்கணமே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணையும் நம் வங்கியையும் அழையுங்கள்.

இன்றே ஒரு சிறு தாளில், இணையக் கட்டண ரசீதில் உள்ள சேவை எண், உங்கள் வாடிக்கையாளர் எண், டெபிட் அட்டையின் பின்புறமுள்ள வங்கி எண், 1930 ஆகியவற்றை எழுதி ரூட்டரின் அருகே ஒட்டி வையுங்கள். கடவுச்சொற்களை மட்டும் அதில் எழுதாதீர்கள். இணையம் இல்லாத வேளையில் அத்தாள் இருந்தால், எண்ணைத் தேடி அந்நியரிடம் சிக்க நேராது.