ஏரி தெரியும் வீடு

புனேக்கு அருகே கடக்வாஸ்லா பக்கம் விற்பனைக்கு வரும் ஃப்ளாட்டுகளின் விளம்பரங்களைக் கைப்பேசியில் வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் ஒன்று புலப்படும். முதல் படத்தில் பெரும்பாலும் வீடு இருக்காது, தண்ணீர் இருக்கும். மழைக்காலம் முடிந்த கையோடு எடுத்த படம். அணை விளிம்புவரை நிறைந்திருக்கும், பின்னால் சிம்மகட் மலை முழுக்கப் பச்சை. இரண்டாவது படத்தில் பால்கனி, இரண்டு பிரம்பு நாற்காலி, நடுவில் யாரும் குடிக்காத காப்பி. ஹால் வருவது அதற்கப்புறம்தான். மே மாதத்தில் தண்ணீர் உள்வாங்கிச் சேறு வெடித்துக் கிடக்கும் கரையை ஒரு விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தத் தண்ணீர் தெரிகிறது என்பதற்காக யாரும் சல்லிக்காசு கூடுதலாகக் கொடுத்திருக்கமாட்டார்கள். முத்தா ஆற்றின் குறுக்கே 1870களில் பிரிட்டிஷார் கட்டிய அணை இது. வடிவமைத்த கர்னல் ஃபைஃப் பெயரால் ஏரியை ‘லேக் ஃபைஃப்’ என்றே அழைத்தார்கள். நகரத்துக்குக் குடிநீர், வயலுக்குக் கால்வாய், அவ்வளவுதான் அதன் வேலை. நீரியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே வந்தது. 1949ல் நேரு அடிக்கல் நாட்டிய தேசிய பாதுகாப்பு அகாதமி 1955 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கே வேலைக்கு வந்தவர்கள் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள், ஓய்வு பெற்றதும் காலி செய்துவிட்டுப் போனார்கள். சுற்றியிருந்த கிராமங்களில் நிலம் அண்ணன் தம்பிகளுக்குள் கைமாறும், வெளியாளுக்குப் போவது அபூர்வம். புனே நகரத்து ஆளுக்குக் கடக்வாஸ்லா என்றால் ஞாயிற்றுக்கிழமை. பஸ் பிடித்துப் போய், கரையில் சுட்ட சோளக்கதிரும் வெங்காய பஜ்ஜியும் தின்றுவிட்டு, இருட்டும் முன்னால் வீடு திரும்புவது.

தண்ணீரின் மேல் பயமும் இருந்தது. 1961 ஜூலை 12 அன்று மேலே பான்ஷேத் அணை உடைந்தது. அந்த வெள்ளம் கடக்வாஸ்லாவையும் உடைத்துக்கொண்டு புனேயின் பழைய பேட்டைகளுக்குள் புகுந்தது. அந்தத் தலைமுறையிடம் போய் ‘ரிவர் வியூ’ என்று சொல்லி வீடு விற்க யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது. அணையைப் பிறகு திரும்பக் கட்டினார்கள். பயம் தேய ஒரு தலைமுறை ஆனது. ‘ரிவர் வியூ’ என்ற வார்த்தை விலைப் பட்டியலில் ஏறியது அதற்குப் பின்னால்தான்.

அந்தக் காலத்தில் வீடு எப்படி விலைபோனது? ‘சகாள்’ பத்திரிகையில் நாலு வரி வரிவிளம்பரம். அறை எத்தனை, எந்தப் பேட்டை, யாரைப் பார்க்க வேண்டும். படம் கிடையாது. தெருமுனையில் ஒரு எஸ்டேட் ஏஜென்ட், அவர் கையில் நோட்டுப் புத்தகம். மிச்சமெல்லாம் நடந்து போய்ப் பார்ப்பதுதான். வாங்க வந்தவர் குழாயைத் திறந்து பார்ப்பார், சுவரைத் தட்டுவார், மூலையில் நின்று ஈர வாடை அடிக்கிறதா என்று மூக்கால் சோதிப்பார். திரும்பும்போது பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ரெண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார். வீட்டின் வரலாறு முழுக்க அந்தப் பாட்டியிடம் இருக்கும்.

விற்பவரும் சும்மா இருந்ததில்லை. நம் ஊரில் பார்ட்டி வருகிறார்கள் என்றால் காலையில் வாசல் தெளித்துப் பெரிய கோலம் விழும், கூடத்துக் கயிற்றுக்கொடி மறைந்துவிடும், சாமி விளக்கு எரியும். மராட்டி வீடுகளில் வாசல் நிலைக்கு மாவிலைத் தோரணமும் ரங்கோலியும். போன வருஷத்து ஒழுகல் கறையின் மேல் ஒரு கோட்டிங் சுண்ணாம்பும் ஏறும். அமெரிக்காவில் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணி 1970களின் தொடக்கத்தில் இதையே ஒரு தொழிலாக்கி ‘ஹோம் ஸ்டேஜிங்’ என்று பெயர் வைத்தார் என்பார்கள். நாடகப் பின்னணி உள்ளவர் அவர், பெயரில் மேடை இருப்பது தற்செயல் இல்லை. நம்மிடம் தொழில் இருந்தது, பெயர்தான் இல்லை.

சிம்மகட் சாலை ஓரமாக ஊர் வளர்ந்த வேகத்தை நேரில் பார்த்தவர்களுக்கே நம்ப முடியாது. நாந்தேட் கிராமத்து விவசாயிகள் சுமார் 700 ஏக்கரை ஒன்றுசேர்த்து, புனேயின் மகர்பட்டா நகரியத்தின் பாணியில் தாங்களே பங்குதாரர்களாகி ‘நாந்தேட் சிட்டி’யை எழுப்பினார்கள். அதைச் சுற்றி தாயரி, கிர்கட்வாடி, கடக்வாஸ்லா என்று கட்டடங்கள் நெருங்கின. 2021 ஜூன் கடைசியில் புனே மாநகராட்சியோடு இணைந்த 23 கிராமங்களில் கடக்வாஸ்லாவும் ஒன்று. கிராமம் மாநகராட்சிக்குள் வரும் முன்பே விளம்பரத்தில் அது ‘புனே’ ஆகிவிட்டிருந்தது. நம் டி.வி.யில் செங்கல்பட்டைத் தாண்டிய பொட்டலையும் ‘சென்னைக்கு மிக அருகில்’ என்று சீரியல் நடிகர் கூவுகிறாரே, அதே வித்தைதான்.

இந்த வளர்ச்சியோடு சேர்ந்தே வீடு விற்கும் கடையும் இணையத்துக்கு இடம் மாறியது. 99ஏக்கர்ஸ் 2005ல் வந்தது, மேஜிக்பிரிக்ஸ் 2006ல், ஹவுசிங் 2012ல், நோபுரோக்கர் 2014ல். பேப்பரின் சனிக்கிழமை இணைப்பு மெலிந்தது. ஏஜென்டின் நோட்டுப் புத்தகம் வாட்ஸப் குழுவானது. ஆனால் உண்மையான மாற்றம் சாம்பிள் ஃப்ளாட். கட்டடம் எழும்பாத மனையில், தகரக் கொட்டகைக்குள், முழுசாக ஜோடித்த ஒரு வீடு. வெயிலில் வந்த குடும்பத்தை ஏசிக் குளிர் முதலில் மயக்கும். அப்புறம் கவனித்துப் பாருங்கள்: அறைகளுக்குக் கதவே இருக்காது, ஏனென்றால் கதவு திறக்கும் இடம் அறையைத் தின்னும். கட்டில் கடையில் வாங்கும் அளவில் இருக்காது, ஆர்டர் கொடுத்துச் செய்தது, ஒரு சாண் குட்டை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. பீரோ இல்லை. துணி மடித்து வைக்க இடம் எங்கே என்று மாமியார் கேட்கும்போதுதான் விற்பனைப் பையன் முகத்தில் லேசாக வேர்க்கும்.

சட்டம் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. 2016ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவை வீடு வாங்கும் பலரும் படித்திருக்கமாட்டார்கள், பல ஏஜென்டுகளும்தான். விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கொடுத்தவருக்கு, அதிலிருந்த பொய்த் தகவலால் நஷ்டம் வந்தால் பில்டர் ஈடு செய்ய வேண்டும். வேண்டாம் என்று விலகினால் போட்ட பணம் முழுவதும் வட்டியோடு திரும்ப வேண்டும். அதாவது சாம்பிள் ஃப்ளாட் என்பது சட்டத்தின் கண்ணில் அலங்காரம் அல்ல, வாக்குறுதி. ஆனால் இந்தப் பிரிவு பில்டரைத்தான் பிடிக்கும். குடியிருந்த வீட்டை மறுவிற்பனை செய்பவரிடம் பழைய மூக்கும் பழைய சந்தேகமும்தான் இன்றும் துணை.

மகாராஷ்டிரா இதில் இன்னும் ஒரு படி முன்னே போனது. திட்டத்தின் பதிவு எண் இல்லாமல் விளம்பரம் கூடாது என்பதோடு, 2023 ஆகஸ்ட் முதல் க்யூஆர் கோடும் கட்டாயம். அதை ஸ்கேன் செய்தால் திட்டத்தின் சரித்திரம் வரும்: எப்போது முடிக்க ஒப்புக்கொண்டார்கள், எத்தனை முறை தள்ளிப்போட்டார்கள், என்ன அனுமதி இருக்கிறது. தவறினால் 50,000 ரூபாய்வரை அபராதம். ஏஜென்டுகளும் பயிற்சி முடித்துத் தேர்வு எழுதித் தேறினால்தான் தொழில் செய்யலாம். காதில் பென்சில் செருகிய பழைய எஸ்டேட் ஏஜென்ட் தேர்வு அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த காட்சியை நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் நல்ல காரியம்.

இப்போது மேடை கொட்டகையையும் விட்டு இறங்கிக் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. முப்பது செகண்ட் ரீல், பின்னணிப் பாட்டு, மேலிருந்து சுழலும் ட்ரோன். ட்ரோன் விஷயத்தில் கடக்வாஸ்லா ஏஜென்டுகள் ஒன்றை மறக்கக் கூடாது. பக்கத்திலேயே ராணுவ அகாதமி. 2021ஆம் வருஷ ட்ரோன் விதிகளில் நாடு முழுவதும் பச்சை, மஞ்சள், சிவப்பு என வரைபடம் உண்டு, சிவப்பில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்க விட முடியாது. ஏரி அழகாக வரும் என்று ஏவிவிட்டு, ஸ்டேஷனில் போய் உட்காரும் வேலை வேண்டாம். மொட்டை மாடியில் நின்று எடுத்தாலே போதும். வாங்குபவர் பறவை இல்லை, அவர் கண் மட்டத்திலிருந்து என்ன தெரியும் என்பதுதான் அவருக்கு வேண்டும்.

காலி அறையின் படத்தில் சோபாவையும் விரிப்பையும் ஏஐ சில நொடியில் போட்டுத் தந்துவிடுகிறது. அறையின் நிஜ அளவைக் காட்டினால் எனக்கு ஆட்சேபமில்லை. சுவரின் விரிசலையும் எதிர்க் கட்டடத்தையும் அதுவே அழித்துவிட்டால் அது வேறு கதை. கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி முதல், கணினியில் மாற்றிய வீட்டுப் படம் என்றால் அதைச் சொல்லி, அசல் படத்தையும் பார்க்கக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ‘மேசை நாற்காலி கணினியில் சேர்த்தது’ என்று ஒரு வரி போட்டால் குறைந்தா போகும்?

வீட்டைத் தயார் செய்வதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பாதிச் சாமானை வெளியேற்றுவதுதான் முக்கால் வேலை. பரண் மேல் திணித்த அட்டைப்பெட்டிகள், ஃபிரிட்ஜ் மேல் அடுக்கிய டப்பாக்கள், கதவுக்குப் பின்னால் தொங்கும் துணி. எரியாத பல்பை மாற்றி எல்லா விளக்கும் ஒரே நிறமாக இருக்கும்படி பார்க்க வேண்டும். ஒரு அறை மஞ்சளும் ஒரு அறை நீலமும் என்றால் படத்தில் வீடு நோயாளி மாதிரித் தெரியும். கேமரா நெஞ்சு உயரத்தில், நேராக. ஃபோனில் இருக்கும் அகலக் கோண லென்ஸைத் தொடாதீர்கள். பத்தடி அறை அதில் பதினாறடியாகத் தெரியும், நேரில் வந்தவர் வாசலிலேயே ஏமாந்துபோவார், அந்த ஏமாற்றத்தோடு விலை பேச உட்கார்வார். கிழக்குப் பார்த்த ஹாலைக் காலையில் எடுக்க வேண்டும், ஏரிப்பக்கப் பால்கனியை மாலையில். குடும்பப் படங்களையும் சாமி மாடத்தையும் எடுத்துவிடுங்கள் என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும். படங்கள் சரி, மாடம் இருக்கட்டும். அதற்கென்று ஒரு மூலை இருக்கிறதா என்று இங்கே முதலில் தேடுகிறவர்கள் நிறைய.

புனே ஃப்ளாட்டுகளில் சமையலறையை ஒட்டி ‘ட்ரை பால்கனி’ என்று ஒன்று உண்டு. வாஷிங் மெஷினும் துடைப்பமும் பாத்திரம் தேய்க்கும் குழாயும் அங்கேதான். அழகில்லை என்று ஏஜென்டுகள் அதைப் படமே எடுப்பதில்லை. வீட்டை நடத்தப் போகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். கூடவே அளவோடு ஒரு தரைப்படம், கார்ப்பெட் ஏரியா தனியாக எழுதியது. பெயின்ட் விஷயத்திலும் ஒரு வார்த்தை: புனேயின் இந்த மேற்குப் பக்கத்தில் மழை கூடுதல். மே மாதம் அடித்த பெயின்ட் ஜூலையில் வாக்குமூலம் கொடுத்துவிடும். ஆகஸ்டில், வெளியே மழை கொட்டும்போது காய்ந்த சுவரைப் படமெடுத்துத் தேதியோடு போடும் ஏஜென்டிடம் நான் கண்ணை மூடிக்கொண்டு பேசப் போவேன்.

ஏனென்றால் இந்த ஊரில் கேள்வியெல்லாம் தண்ணீரில்தான் போய் முடிகிறது. கடக்வாஸ்லாவின் கொள்ளளவு 2 டி.எம்.சி.க்கும் சற்றுக் குறைவு. மேலே பான்ஷேத், வரஸ்காவ், டேம்கர் மூன்றையும் சேர்த்தால் 29 டி.எம்.சி. புனே குடிப்பது இந்தத் தண்ணீரை. ஆனால் அணைக்குப் பக்கத்திலேயே எழுந்த பல குடியிருப்புகள் டேங்கர் லாரிக்குக் காசு கொடுக்கின்றன. 2025 ஜனவரியில் கில்லன்-பாரே நோய் பரவியபோது நாந்தேடும் கிர்கட்வாடியும் சிம்மகட் சாலைப் பகுதியும்தான் அதிகம் அடிபட்டன, சந்தேகம் குடிநீரின் மேல் விழுந்தது. அதற்கு முந்தைய ஜூலையில் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் சிம்மகட் சாலையின் ஏக்தா நகரி வீடுகளுக்குள் புகுந்தது. அரசாங்கம் ஆற்றோரம் நீலக் கோடு, சிவப்புக் கோடு என இரண்டு வெள்ளக் கோடுகள் வரைந்து வைத்திருக்கிறது. 25 வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் நீலக் கோடுவரை, நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருவது சிவப்புவரை. ‘ஆற்றைப் பார்த்த வீடு’ என்று எழுதுகிற விரல், கட்டடம் எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதையும் எழுதலாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மாதம் எத்தனை டேங்கர் என்றும் எழுதலாம். விசாரிப்புக் குறையும்தான். ஆனால் விசாரித்தவர்கள் வந்து பார்ப்பார்கள், பார்த்தவர்கள் பாதியில் ஓடமாட்டார்கள். ஏஜென்டுக்குப் பெட்ரோல் மிச்சம்.

துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் வீடியோ காலில் வீடு பார்க்கிறவர்கள் இப்போது ஏஜென்டிடம் கேட்கிறார்கள்: “தம்பி, அந்தக் குழாயைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க. அப்படியே கீழ போய் வாட்ச்மேன்கிட்ட ஃபோனைக் குடுங்க.” பாட்டியின் இடத்துக்கு வாட்ச்மேன் வந்திருக்கிறார்.

ஃப்ளாட்டை விடுங்கள், ஏரியைச் சுற்றி மேலே போகப் போக மனை விளம்பரங்களில்தான் உண்மையான கூத்து. டோண்ஜே, பான்ஷேத் சாலை, ‘ஃபார்ம்ஹவுஸ் ப்ளாட்’, குண்டா கணக்கில் விலை. ஒரு குண்டா என்றால் 1089 சதுர அடி, நாற்பது குண்டா ஒரு ஏக்கர். விவசாய நிலத்தைத் துண்டு போட்டு விற்பதைத் தடுக்க 1947லேயே ஒரு சட்டம் இருக்கிறது. ரீலில் குதிரை ஓடும், நீச்சல்குளம் மின்னும். சாத்-பாரா என்னும் 7/12 நிலப் பதிவு நகலில் யார் பெயர், நிலம் என்.ஏ., அதாவது விவசாயமல்லாத நிலம், ஆனதா என்ற இரண்டையும் காட்டாத ரீலை நான் சினிமாவாகத்தான் பார்ப்பேன். அந்தக் காகிதத்தை முதல் படமாகப் போடும் ஏஜென்டை இன்னும் பார்க்கவில்லை. போட்டால் அவருக்குப் போட்டியே இருக்காது.

2025 நவம்பரில் கடக்வாஸ்லாவிலிருந்து ஸ்வார்கேட், ஹடப்சர் வழியாகக் கராடிவரை மெட்ரோவுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ரயில் ஓட வருஷங்கள் ஆகும். அதுவரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரைச் சவுபாட்டியில் பஜ்ஜிக் கடைகளுக்கு முன்னால் நிற்கும் கார்களுக்கு நடுவே ஊர்ந்துதான் வீடு போய்ச் சேர வேண்டும். ‘ஸ்வார்கேட் 25 நிமிஷம்’ என்று எழுதுவதற்குப் பதில், வேலைநாள் மாலை ஆறரை மணிக்கு ஸ்வார்கேட்டில் கிளம்பி வாசலில் வந்து நிற்கும்வரை மேப்பை ஓடவிட்டு, அந்த ஸ்கிரீன்ஷாட்டை ஏரிப் படத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்வேன் நான். அதற்கு ஸ்டேஜிங் செலவும் கிடையாது.