படம் எடுப்பவர் ஏன் சுவருக்குப் பின்னால் போகிறார்?

அண்மையில் ஒரு தாய் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். மூன்று கிழமையாக இருமிக்கொண்டிருந்த அவருடைய மகனை எக்ஸ்ரே எடுக்க அனுப்பியிருந்தார்கள். "பிள்ளையை நிற்க வைத்துவிட்டு, படம் எடுக்கிறவர் சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்துவிட்டார், சுவாமி. அவருக்குக் கூடாதது என் பிள்ளைக்கு மட்டும் நல்லதா?" என்றார். பயத்தில், படம் எடுக்காமலே மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாராம்.

கேள்வி நியாயமானது. அந்தச் சுவர் எப்படி வந்தது என்பதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்தால் பயம் தெளியும் என நம்புகிறோம்.

கதிர் எப்படி வேலை செய்கிறது?

1895 நவம்பர் 8ஆம் திகதி, ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் பேராசிரியர் வில்ஹெல்ம் றொன்ட்ஜன் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரைக் கண்டறிந்தார். அது என்னவென்று விளங்காததால் அதற்கு 'எக்ஸ்' என்று பெயரிட்டார். அடுத்த மாதம் தம் மனைவியின் கையைப் படம் பிடித்தபோது விரல் எலும்புகளும் மோதிரமும் தெளிவாகத் தெரிந்தன.

இக்கதிர் சதையை இலகுவாக ஊடுருவும். எலும்பு அதைப் பெருமளவு மறிக்கும். உலோகம் இன்னும் கூடுதலாக மறிக்கும். கதிர் பட்ட இடம் படத்தில் கறுக்கும். மறிக்கப்பட்ட இடம் வெள்ளையாக நிற்கும். காற்று நிறைந்த சுவாசப்பை கறுப்பாகவும், அதிலுள்ள நோய் வெண்படலமாகவும் தெரிவது இதனாலேயே. றொன்ட்ஜன் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. அது எல்லோருக்கும் பயன்படட்டும் என்று விட்டுவிட்டார்.

கைகளை இழந்தவர்கள்

தொடக்கத்தில் எக்ஸ்ரே எடுப்பதற்கென்று ஒரு தொழில் இருக்கவில்லை. புகைப்படக்காரர், மின்சார வேலை தெரிந்தவர், வைத்தியர், தாதி என ஆர்வமுள்ள எவரும் படம் எடுத்தார்கள். கதிர் சரியாக வருகிறதா என்று பார்க்கப் பலர் தினமும் தங்கள் கையையே கருவிக்கு முன்னால் நீட்டினார்கள். கதிர் சுடாது, வலிக்காது. ஆகவே அது தீங்கு செய்யும் என்று அவர்கள் எண்ணவில்லை.

தீங்கு மெதுவாக வந்தது. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி இரு கைகளையும் இழந்து, 1904இல் புற்றுநோயால் இறந்தார். சன் பிரான்சிஸ்கோ நகரில் எலிசபெத் பிளெய்ஷ்மன் என்ற பெண், கணக்கெழுதும் வேலையை விட்டு இத்தொழிலைக் கற்றார். 1898 யுத்தத்தில் காயமடைந்த படையினரின் உடலில் எங்கே குண்டு இருக்கிறது என்று காட்டிப் பெயர் பெற்றார். அவரும் ஒரு கையை இழந்து, 1905இல் இறந்தார். இப்படி உயிர் கொடுத்தவர்களுக்காக 1936இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. அன்று அதில் 169 பெயர்கள் இருந்தன. 1959இல் அவை 359 ஆகின.

யுத்தமும் தொழிலும்

ஷெல் துண்டு உடலில் தங்கினால் என்ன பாடு என்பது எம் மக்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1914இல் முதலாம் உலக யுத்தம் தொடங்கியபோது, மேரி கியூரி அம்மையார் பிரான்சில் சுமார் 20 வாகனங்களில் எக்ஸ்ரே கருவிகளைப் பொருத்திக் காயப்பட்டவர்கள் இருந்த இடத்துக்கே கொண்டு சென்றார். அவற்றை இயக்குவதற்கு ஏறக்குறைய 150 பெண்களைப் பயிற்றுவித்தார். சில கிழமைப் பயிற்சியோடு சாதாரண பெண்களும் இவ்வேலையைத் திறமையாகச் செய்ய முடியும் என்பது அங்கே தெரிந்தது.

யுத்தம் முடிந்தபின் இது ஒழுங்கான தொழிலாயிற்று. 1920இல் பிரித்தானியாவில் எக்ஸ்ரே எடுப்பவர்களின் சங்கம் தோன்றியது. பயிற்சியும் பரீட்சையும் வந்தன. 1921இல் அங்கே ஒரு பாதுகாப்புக் குழு விதிகளை வெளியிட்டது: நாளுக்கு ஏழு மணித்தியாலத்துக்கு மேல் வேலை கூடாது, ஞாயிறும், கிழமையில் இரண்டு அரைநாளும் ஓய்வு, வருடத்தில் ஒரு மாத விடுமுறை. ஈயத் தடுப்பும் வேண்டும் என்றது. ஈயம் கதிரை நன்றாக மறிக்கும்.

கர்ப்பிணியா என்று ஏன் கேட்கிறார்கள்? இங்கிலாந்தில் அலிஸ் ஸ்ருவேர்ட் என்ற பெண் வைத்தியர், புற்றுநோயால் பிள்ளைகளை இழந்த தாய்மாரின் அனுபவங்களைக் கேட்டறிந்தார். கர்ப்ப காலத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு இந்நோய் கூடுதலாக வந்திருப்பதை 1956இல் வெளிப்படுத்தினார். வைத்திய உலகம் அதை ஏற்க நெடுநாள் சென்றது.

தாயின் கேள்விக்குப் பதில்

மருந்தடித்த வயலின் ஓரமாக ஒருநாள் நடந்து போகிறவருக்கும், முதுகில் மெசினைச் சுமந்து நாள்தோறும் மருந்தடிக்கிறவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. நோயாளி கதிரைச் சந்திப்பது ஒரு கணம். படம் எடுப்பவர் அந்த அறையில் வருடக் கணக்காக வேலை செய்கிறார். இன்று நெஞ்சுப் படம் ஒன்றில் கிடைக்கும் கதிர், நிலத்திலிருந்தும் வானிலிருந்தும் சுமார் பத்து நாட்களில் இயல்பாகவே எம்மீது படும் அளவுதான். கவனிக்காமல் விட்ட சயரோகம் அதைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இவைதான். இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். படம் எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பமாக இருந்தால், அல்லது அப்படிச் சந்தேகம் இருந்தால், கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்லுங்கள். மூச்சை அடக்கி அசையாமல் நில்லுங்கள். படம் கலங்கினால் மீண்டும் எடுக்க நேரும். பழைய படங்களையும் துண்டுகளையும் அடையாள அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி, இடம் மாறும்போதெல்லாம் கையோடு கொண்டு செல்லுங்கள். புதிய வைத்தியர் பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். வீணாகத் திரும்ப எடுக்கவும் வேண்டியிராது.

அந்தத் தாய் அடுத்த கிழமையே மகனைத் திரும்பவும் கூட்டிச் சென்றார். இம்முறை அவரே படம் எடுப்பவரிடம், "தம்பி, நீர் பின்னால் போய் நின்று எடும்" என்றாராம்.