கீழே விழும் பந்துக்கும் ஒரு பேச்சு வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை மாலை. தில்லிக் கடைத்தெரு ஒன்றின் ஓரத்தில் ஒரு துண்டு விரித்துக் கிடக்கிறது. அதன்மேல் மூன்று துணிப் பந்துகள், ஒரு கொய்யாப்பழம், முனை மழுங்கிய மூன்று கத்திகள். துண்டைச் சுற்றி ஆள் யாரும் இல்லை. இன்னும் ஐந்து நிமிஷத்தில் அங்கே ஐம்பது பேரை நிறுத்த வேண்டும். நின்றவர்களைக் கலையவிடாமல் வைத்திருக்க வேண்டும். கடைசியில் அவர்களிடம் காசும் வாங்க வேண்டும். சினிமாக் கொட்டகைக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. டிக்கெட்டைக் கிழித்த பிறகுதான் படத்தைக் காட்டுகிறார். தெரு வித்தைக்காரரோ படத்தைக் காட்டிவிட்டுத்தான் டிக்கெட்டுக்குக் கை நீட்ட வேண்டியிருக்கிறது.

பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. நம் பெண்கள் அம்மானை ஆடியபோது பந்தோடு பாட்டும் சேர்ந்தே வந்தது. சிலப்பதிகாரத்திலேயே அம்மானை வரி உண்டு. கை ஒரு வேலை செய்ய, வாய் இன்னொரு வேலை செய்யும். இன்று தெருவில் பிழைக்கிற வித்தைக்கும் இதுதான் அடிப்படை.

முதலில் கை பழக வேண்டும். ரப்பர் பந்து உதவாது. தவறினால் தெருக்கோடி வரை ஓடும். தானியம் நிரப்பித் தைத்த துணிப் பந்து விழுந்த இடத்திலேயே கிடக்கும். கட்டிலுக்கு முன்னால் நின்று பழகினால் ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டாம். புதிதாகப் பழகுகிறவர் பந்தைத் துரத்திக்கொண்டு தம்மை அறியாமல் முன்னே நடந்துவிடுவார். சுவரைப் பார்த்து நின்றால் அந்தப் பழக்கம் போய்விடும்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஓர் அடி உயரம் போன பந்து அரை வினாடியில் கைக்குத் திரும்பும். ஒரு வினாடி அது மேலே இருக்க வேண்டுமானால் நான்கு அடி உயரம் எறிய வேண்டும். நேரம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்கு. ஆகவே கையின் வேகத்தைக் கூட்டாமல் மூன்று பந்தை ஐந்தாக்க நினைப்பவர் பல மடங்கு உயரம் எறிந்தாக வேண்டும். உயரம் கூடினால் சிறு பிசகும் பெரிதாகும். காற்றடித்தால் கேட்கவே வேண்டாம்.

இவ்வளவு பாடுபட்டு ஐந்து பந்து எறிந்தாலும் கூட்டம் அதை எண்ணிப் பார்ப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. அதற்குத் தெரிவதெல்லாம் ஏதோ நிறையப் பறக்கிறது என்பது மட்டுமே. அதே ஆள் இரண்டு பந்தோடு கொய்யாப்பழத்தைச் சேர்த்து எறிந்து, தாளம் தவறாமல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கடி கடித்துக்கொண்டே போனால் குழந்தைகள் கைகொட்டுகிறார்கள். கூட்டத்தில் நிற்கும் குமாஸ்தாவிடம் டிபன் டப்பாவைக் கடன் வாங்கி எறிந்தால் இன்னும் விசேஷம். டப்பாவுக்குச் சொந்தக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்கவே நாலு பேர் நிற்பார்கள். டப்பா திரும்பி வரும் வரை அவரும் நகர மாட்டார்!

பந்து விழாத வித்தைக்காரர் உலகத்தில் இல்லை. விழுந்ததும் முகம் சுருங்கினால் கூட்டத்துக்கும் சங்கடம்; ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள். எனவே தவறுக்கென்றே முன்கூட்டிப் பேச்சு தயாராக இருக்க வேண்டும். வட இந்திய வித்தைக்காரர்கள் இதற்கு ஓர் ஆளையே வைத்திருக்கிறார்கள். அவன்தான் ஜமூரா, கூட வரும் பையன். "ஜமூரே!" என்று குரு அழைப்பார். "ஜி உஸ்தாத்!" என்பான். "பந்து ஏன் விழுந்தது?" "உஸ்தாதுக்குப் பசி, பந்துக்கும் பசி!" இந்தப் பதிலுக்குச் சிரிப்பு கிடைத்தால், அடுத்த நாள் பந்து வேண்டுமென்றே விழும். ஆட்டம் வளர்வது இப்படித்தான். எது எடுபட்டதோ அது தங்கும், எடுபடாதது உதிரும்.

காசு கேட்கும் நேரம்தான் கத்திமுனை. ஆட்டம் முடிந்த பிறகு கேட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது. கத்திகளைக் கையில் எடுத்து, ஒருமுறை சுழற்றிக் காட்டி, எறியாமல் நிறுத்திக்கொண்டு, அப்போது கேட்க வேண்டும். பெரிய வித்தை பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால்தான் கால் நிற்கும், கை பைக்குள் போகும்.

ஆனால் அந்தக் கையேந்தலையே சட்டம் வேறு பெயரிட்டு அழைத்தது. 1959-ம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், பாடியோ ஆடியோ ஜோசியம் சொல்லியோ வித்தை காட்டியோ பொது இடத்தில் காசு பெறுவதையும் பிச்சை என்றே வகுத்தது. பிறகு அது தில்லிக்கும் விரிந்தது. மாதக் கணக்கில் சுவரைப் பார்த்துப் பழகியவரும் ஒன்றும் பழகாதவரும் அதன் கண்ணுக்கு ஒன்றே. 2018 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம், பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகளைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தில்லிக்கு மட்டும்தான்.

கலைஞர் கையேந்தும் கதை கடல் கடந்தும் நடந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து சென்று பெயரெடுத்த இந்திய வித்தைக்காரர் ஒருவரை அந்நாட்டார் ராமோ சாமி என்று அழைத்தார்கள். ராமசாமி என்ற நம் பெயர்தான் அங்கே அப்படித் திரிந்தது என்பர். பித்தளைப் பந்துகள் நான்கை எறிந்து பிடித்த இந்திய வித்தைக்காரரைப் பற்றி ஆங்கில எழுத்தாளர் ஹாஸ்லிட் 1821-ல் வியந்து எழுதிய கட்டுரை இவரைக் குறித்ததே என்று கருதுவோர் உண்டு. 1850-ல் லண்டனில் அவர் இறந்தபோது அடக்கச் செலவுக்கு மனைவி உதவி கேட்க நேர்ந்தது.

தில்லியில் ஷாதிப்பூர் டிப்போ அருகே இருந்த கட்புத்லி காலனி, பொம்மலாட்டக்காரர்களும் மந்திரவித்தைக்காரர்களும் கழைக்கூத்தாடிகளும் பல்லாண்டு வாழ்ந்த இடம். கரோல் பாகில் குடியிருக்கும் தமிழர்களுக்கு அது தூரமில்லை. 2017 அக்டோபரில் அந்தக் குடிசைகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் பல ஆனந்த் பர்பத் தற்காலிக முகாமுக்குப் போயின. ஒரே சந்தில் கத்தி எறிகிறவரும் தோலக் அடிக்கிறவரும் இருந்தபோது, பையன்கள் வாசலில் நின்றே தொழில் கற்றார்கள். சந்து போனால் அந்தப் பள்ளிக்கூடமும் போயிற்று.

நடைபாதையில் வழியை அடைத்தால் போலீஸ்காரர் நகரச் சொல்வார். அதற்குத் தீர்ப்பு உதவாது. அதனால்தான் சாமான் எல்லாம் அந்த ஒரு துண்டுக்குள் அடங்குகிறது. தூரத்தில் லத்தி தெரிந்ததும் நான்கு முனையையும் சேர்த்து ஒரு முடிச்சு. கொய்யாப்பழத்தில் மீதியை ஜமூரா தின்றுகொண்டே நடப்பான்.