கெட்டிமேளத்தில் தெரியும் மென்பொருளின் தரம்

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையோடு தெற்கே செல்லும்போது வரும் பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, வண்டலூர் முதலிய ஊர்களில், முப்பது நாற்பது வருஷங்களுக்கு முன் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறிய குடும்பங்கள் பலவற்றில், பீரோவின் மேல்தட்டிலோ பரணிலோ, ஒரு கல்யாணத்தின் நலங்கும் முகூர்த்தமும் வரவேற்பும் அடங்கிய வி.எச்.எஸ். கேசட் ஒன்றேனும் இன்னமும் பத்திரமாக இருக்கிறது. அதை ஓட்டிக் காட்டும் யந்திரந்தான் இல்லை. உலகிலேயே கடைசிவரை அந்த யந்திரத்தைத் தயாரித்து வந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே கேசட்டில் உள்ளதைக் கணினிக் கோப்பாக மாற்றி, டிவிடியிலோ பென்டிரைவிலோ ஏற்றி வைப்பது அவசியமான காரியமாகிவிட்டது. அதற்கென்றே உள்ள மென்பொருள்களோ வருஷந்தோறும் புதிய பதிப்பு, புதிய வசதி என்று பலத்த விளம்பரத்தோடு வெளிவருகின்றன. இவ்வசதிகளுள் எது மெய்யாகவே பிரயோஜனமுள்ளது, எது வெறும் அலங்காரம் என்று நிதானிக்கும் வழி, கணினி சாஸ்திரம் படிக்காதவர்களுக்கும் எட்டக்கூடியதே.

முதலில் தட்டில் பதிகிற மென்பொருளைப் பார்ப்போம். ஜெர்மனியிலிருந்து 1997-இல் வெளிவந்த நீரோ, நம் ஊர்க் கடைகளில் 'சிடி ரைட்' செய்து கொடுத்தவர்கள் அனைவருக்கும் பழக்கமான பெயர். அந்நாளில் குறுந்தகட்டில் பதியும்போது, கணினியிலிருந்து தகவல் ஒரு கணம் தடைப்பட்டாலும் பதிவு அறுந்து, தட்டு உபயோகமற்றுப் போய்விடும். வெற்றுத் தட்டின் விலையும் அப்போது அற்பமானதன்று. சான்யோ நிறுவனம் 2000-ஆம் ஆண்டு வாக்கில் கொண்டுவந்த 'பர்ன் புரூஃப்' என்ற உபாயம், தகவல் நின்ற இடத்தில் பதிவையும் நிறுத்தி, மீண்டும் அதே இடத்திலிருந்து தொடரச் செய்தது. கண்ணெதிரே இருந்த ஒரு கஷ்டத்தை நிவர்த்தி செய்த காரணத்தால் அதை மெய்யான புதுமை என்று சொல்லலாம். அதற்குப் பின் வந்தவற்றில், தட்டின் மேலட்டை வரையும் வசதி, பாட்டுக் கேட்கும் வசதி, புகைப்படங்களை ஒழுங்குபடுத்தும் வசதி என்று பெட்டி பெருத்ததே அன்றி, பதிவு செய்யும் காரியம் அதிகம் முன்னேறவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வந்தபோதே குறுந்தகட்டில் பதியும் வசதி அதனுள்ளேயே அமைந்துவிட்டது. விலையின்றிக் கிடைக்கும் இம்க்பர்ன் என்ற சிறு மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2013-இல் வந்தது. டிவிடி பதிவதற்கு இன்றும் அது போதும். புதியது என்ற ஒரு காரணத்துக்காகவே பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இத்துறையில் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இத்தகைய மென்பொருளில் நான் முதலில் தேடுவது வேகத்தையன்று, 'வெரிஃபை' என்ற சரிபார்ப்பு வசதியையே. பதிந்து முடித்த தட்டை மீண்டும் முழுவதும் படித்து, மூலக் கோப்போடு ஒப்பிட்டு, ஓர் எழுத்தும் பிசகவில்லை என்று உறுதி கூறுவது அதன் வேலை. பதிவதற்கு ஆகும் நேரத்துக்கு ஏறக்குறையச் சமமான நேரம் இதற்கும் ஆவதால், கடைகளில் அவசரத்தை முன்னிட்டு இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். தட்டு வீட்டுக்கு வந்து, பல மாதங்கள் கழித்து உறவினர் கூடியிருக்கும் நாளில், மாப்பிள்ளை அழைப்பின் நடுவே படம் உறைந்து நிற்கும்போதுதான் அந்தச் சில நிமிஷங்களின் அருமை தெரியும்.

சரிபார்ப்பின் முக்கியத்துவம் கல்யாண வீடியோவோடு முடிந்துவிடுவதன்று. மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதியில் 2014 சட்டமன்றத் தேர்தலின்போது வேட்புமனு தாக்கலான நேரம் பற்றிய வழக்கில், தேர்தல் அதிகாரியின் அலுவலகக் காமிராப் பதிவுகள் வீடியோ குறுந்தகடுகளாகவே நீதிமன்றத்துக்கு வந்தன. அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கு என்று பெயர் பெற்ற அதில், 2020 ஜூலை 14 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மூலக் கருவியைக் கொண்டுவராமல் நகலை மட்டும் சாட்சியமாக வைப்பதானால் அதற்குரிய சான்றிதழ் கட்டாயம் வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுக்குரிய சான்றிதழ்ப் படிவம், கோப்பின் 'ஹாஷ்' மதிப்பையும் குறிக்கச் சொல்கிறது. கோப்பில் உள்ள அனைத்தையும் கணக்கிட்டு வரும் அந்த மதிப்பு, கோப்பில் ஒரு பிட் மாறினாலும் வேறாகிவிடும். ஆகையால் தெருமுனைக் காமிராவில் பதிவான திருட்டையோ விபத்தையோ போலீஸில் கொடுக்க விரும்புகிறவர், 'பார்க்கச் சௌகரியமாக இருக்கட்டும்' என்று அதை எம்.பி.4-ஆக மாற்றுவது கூடாது. மாற்றிய கணத்திலேயே அது மூலம் அல்லாத வேறொரு கோப்பாகிவிடுகிறது. ஹாஷ் மதிப்பைத் தானே கணக்கிட்டுத் தரும் வசதி ஒரு மென்பொருளில் இருக்குமானால், அது பத்து அலங்காரங்களுக்கு மேலானது.

இனி, வீடியோவை மாற்றும் மென்பொருளுக்கு வருவோம். இதைப் பரீட்சிக்க ஒரு நல்ல நிமிஷம் நம் கல்யாண வீடியோ ஒவ்வொன்றிலும் இருக்கிறது. அதுவே மாங்கல்யதாரண சமயம். கெட்டிமேளம் என்று குரல் எழுந்தவுடன் தவில்காரரின் கை மின்னல்போல் பாய்கிறது. நாலாபுறத்திலிருந்தும் அட்சதை விழுகிறது. பட்டுப்புடவையின் சரிகையில் காமிராக்காரரின் விளக்கு பட்டுச் சிதறுகிறது. படத்தைச் சுருக்கும் கணிதத்துக்கு இதைவிடக் கடினமான சோதனை வேறு கிடைப்பது அரிது. ஏனெனில் வழக்கமான சுருக்கும் முறைகள் பெரும்பாலும், முந்தைய படத்துக்கும் இப்போதைய படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மாத்திரம் எழுதி வைத்து இடத்தை மிச்சப்படுத்துபவை. அட்சதை விழும் கணத்திலோ திரையின் எல்லா மூலைகளிலும் வித்தியாசமே நிறைந்திருக்கிறது. இடம் போதாதபோது மென்பொருள் நுணுக்கங்களைக் கைவிட, மணமக்களின் முகங்கள் சதுரம் சதுரமாக உடைகின்றன.

தவில்காரரின் கையில் தெரிவது வேறொரு குறை. நம் நாட்டில் வழங்கிய 'பால்' (PAL) முறைத் தொலைக்காட்சியில், விநாடிக்கு 25 படங்கள் என்பது உண்மையில் 50 பாதிப் படங்கள்; ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவையும், இரட்டைப்படை வரிகள் மறு தடவையுமாக வரும். இவ்விரு பாதிகளுக்கும் இடையே கை நகர்ந்துவிடுவதால், இன்றைய தட்டைத் திரையில் கோலின் ஓரம் சீப்பின் பற்களைப் போல் கீறிக்கொண்டு தெரிகிறது. இதைச் சரிசெய்வதற்குப் பெயர் 'டீஇன்டர்லேஸ்'. மட்டமான மென்பொருள் ஒரு பாதியை அப்படியே தூக்கி எறிந்துவிடுகிறது. நல்லது, ஒவ்வொரு பாதியிலிருந்தும் ஒரு முழுப் படத்தை உருவாக்கி, விநாடிக்கு 50 படங்களாகத் தருகிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'பாப்' என்ற தேர்வு இதற்காகவே உள்ளது. தவில்காரரின் கை உள்ளபடி ஓடுவதை அப்போது பார்க்கலாம்.

அந்த ஹேண்ட்பிரேக் 2003-இல் தொடங்கப்பெற்று, பதின்மூன்று வருஷங்கள் கழித்து 2016 டிசம்பரில்தான் 1.0 என்ற பதிப்பு எண்ணைச் சூடிக்கொண்டது. ஃபாப்ரீஸ் பெல்லார் 2000-இல் ஆரம்பித்த எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டற்ற மென்பொருளோ, விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் பலவற்றின் உள்ளேயும் இருந்து உழைக்கிறது. கட்டற்ற மென்பொருள் நம் பக்கத்துக்குப் புதிதன்று. பெருங்களத்தூரிலிருந்து ரயிலில் இரண்டு நிலையங்கள் தாண்டினால் வரும் குரோம்பேட்டையில், எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையம், சென்னை சி-டாக் நிறுவனத்தோடு சேர்ந்து 2005 முதல் இதற்கென்றே ஒரு தேசிய மையத்தை நடத்தியது. பாஸ் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் அம்முயற்சியிலிருந்து பிறந்ததே.

விளம்பரங்களில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது வேகம். இன்டெல்லின் குவிக் சிங்க் 2011-இலும், என்விடியாவின் என்வெங்க் 2012-இலும் வந்த பின், வீடியோவைச் சுருக்கும் வேலையைச் சில்லினுள் அதற்கென்றே அமைந்த பகுதி செய்துவிடுகிறது. மணிக்கணக்கான காரியம் நிமிஷங்களில் முடிகிறது. ஆயினும் கோப்பின் அளவு ஒன்றாகவே இருக்குமானால், நிதானமாகச் சுருக்கும் முறையில்தான் பொதுவாக அட்சதை தெளிவாகத் தெரிகிறது. தினந்தோறும் நூறு வீடியோ மாற்றுகிற கடைக்கு வேகம் வேண்டும்; வாழ்நாளில் ஒரு தடவை மாற்றப்போகும் பெற்றோரின் கல்யாணத்துக்கு அது எதற்கு? இரவு முழுவதும் ஓடட்டுமே.

கணக்கும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு சாதாரண டிவிடியில் 470 கோடி பைட் அடங்கும். மூன்று மணி நேரக் கேசட்டை ஒரே தட்டில் திணித்தால், விநாடிக்குச் சுமார் 35 லட்சம் பிட்தான் கிடைக்கும். டிவிடியின் விதியோ படத்துக்கு மாத்திரம் 98 லட்சம் வரை இடங்கொடுக்கிறது. இரண்டு தட்டுகளாகப் பிரித்தால் 70 லட்சத்தை நெருங்கிவிடலாம்.

சமீப காலத்தில் வந்து எல்லோரையும் மயக்குவது, செயற்கை நுண்ணறிவால் பழைய படத்தை 4கே தெளிவுக்கு உயர்த்தித் தருவதாகச் சொல்லும் வசதி. வி.எச்.எஸ். நாடாவில் குறுக்குவாட்டில் தெரியும் நுணுக்கம் சுமார் 240 கோடுகளே. அதில் இல்லாத கண்ணிமையையும் தோல் சுருக்கத்தையும் மென்பொருள் எங்கிருந்தோ கொண்டுவருகிறது என்றால், தான் பார்த்துப் பழகிய ஆயிரக்கணக்கான வேற்று முகங்களிலிருந்து ஊகித்துத்தான் கொண்டுவருகிறது. மணமேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும், இன்று நம்மிடையே இல்லாத பாட்டியின் மங்கலான முகம் பளிச்சென்று ஆகலாம். அந்தப் பளிச்சென்ற முகம் பாட்டியினுடையதன்று. வேடிக்கைக்காக ஒரு பிரதி செய்துகொள்வதை நான் தடுக்கவில்லை. அதை மூலத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்வதையே வன்மையாக மறுக்கிறேன்.

தமிழர் தனியாகக் கவனிக்க வேண்டிய வசதிகளும் உள்ளன. கோப்புக்குத் தமிழில் பெயரிட்டால் தட்டில் அது சிதையாமல் நிற்க வேண்டும். ஜோலியட் என்ற முறையில் பெயருக்கு 64 குறிகள்தான் அனுமதி. யூனிகோடில் உயிர்மெய்யும் புள்ளியெழுத்தும் பெரும்பாலும் இரண்டு குறிகளாக எண்ணப்படுவதால், 'பெருங்களத்தூர்' என்ற எட்டெழுத்துப் பெயரே 14 குறிகளை விழுங்கிவிடுகிறது. யூ.டி.எஃப். முறையில் ஏறக்குறைய இரட்டிப்பு இடம் உண்டு. அதைத் தேர்ந்தெடுக்க இடந்தரும் மென்பொருளே நமக்கு ஏற்றது.

தட்டையே சாசுவதம் என்று நம்பிவிடவும் கூடாது. குறுந்தகட்டில் தகவல் இருக்கும் படலம் மேலட்டைக்கு நேர் கீழேயே இருப்பதால், பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே சேதமாகும். டிவிடியில் அது இரு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே ஓரளவு பத்திரமாக இருக்கிறது. வெற்றுத் தட்டுகளை நாடெங்கும் பரப்பிய மோசர் பேயர் நிறுவனமே 2018-இல் கலைப்புக்கு உத்தரவிடப்பட்டது; புதிய மடிக்கணினிகளில் தட்டு போடும் இடமும் மறைந்துவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, ஆல்பமும் கேசட்டும் ஒரே பீரோவில் இருந்து ஒன்றாக நனைந்ததை இப்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பிரதி இங்கேயும் மற்றொன்று வேறு ஊரிலுள்ள பிள்ளை வீட்டிலும் இருப்பதுதான் விவேகம்.

ஆகையால், கேசட்டை மாற்றக் கொடுக்கும் வாசகர்களே, டிவிடியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், கேசட்டிலிருந்து முதலில் எடுத்த, சுருக்காத கோப்பையும் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். பணம் கொடுக்குமுன் கடையிலேயே கெட்டிமேள நிமிஷத்தைப் போடச் சொல்லிப் பாருங்கள். அட்சதை சதுரங்களாக உடைந்தால் மறுபடி மாற்றித் தரச் சொல்லுங்கள். ஓட்டும் யந்திரங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. நம் ஊர் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சையும் பிடிக்கிறது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.